சர்வீஸ் டாக் "பதிவுச் சான்றிதழ்": 247 டாலருக்கு நான் வாங்கிய நாமம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சர்வீஸ் நாய் (உடல்/மனக் குறைபாடு உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய்) என்று சொல்லி இணையத்தில் விற்கிற அந்த அட்டையை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே தேடிப்போய் வாங்கினேன். இரண்டு மாஸ்டர்ஸ் டிகிரி வைத்திருக்கிற நான்.

மணி எங்கள் வீட்டு லாப்ரடார், 31 கிலோ. நான்கு வருடத்துக்கு முன் கலிஃபோர்னியாவில் 880 நெடுஞ்சாலையில் ஒரு லாரி என் காரின் பின்னால் வந்து மோதியது. உடம்புக் காயம் மூன்று மாதத்தில் ஆறிவிட்டது. மனதில் பட்டது ஆறவில்லை. டாக்டர் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) என்று எழுதினார். கூட்டத்தில் நின்றால் மூச்சு முட்டும், நடுராத்திரி கத்திக்கொண்டு எழுவேன். மணியைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் ஒரு பயிற்சியாளரிடம் போனோம். இப்போது என் மூச்சு மாறும்போதே மூக்கால் கையை இடிப்பான். நான் எங்காவது உட்கார்ந்துவிட்டால் மடிமேல் முழு எடையையும் போட்டுப் படுப்பான். கெட்ட கனவு வந்தால் முகத்தை நக்கி எழுப்புவான். அம்மா மட்டும் இன்னும் "நாய்க்கு இவ்வளவு செலவா"ன்னு மதுரையிலிருந்து போனில் முனகுவாங்க.

அதாவது நாயும் நிஜம், நோயும் நிஜம். காகிதம்தான் போலி.

போன வருடம் அண்ணன் டாலஸ் பக்கம் வீடு வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்குத் தங்கச்சி வந்து பால் காய்ச்சணும் என்று ஒரே பிடிவாதம். விபத்துக்குப் பிறகு நான் ஏறும் முதல் விமானம் அது. பயத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு இணையத்தில் தேடினேன். முதலில் வந்த தளத்தில் கழுகுச் சின்னம், கொடி, பெயரில் "தேசிய" என்று ஒரு சொல். அரசாங்கத் தளம் என்றே நினைத்தேன். பதிவுக் கட்டணம் 79 டாலர். அப்புறம் ஹோலோகிராம் ஒட்டிய அட்டை இரண்டு, 40. நாய்க்குப் போடும் சிவப்புச் சட்டை 45. "விமானப் பயணத் தொகுப்பு" என்று ஒரு உறை, 83. விமான நிறுவனம் வேறு படிவம் ஏதாவது கேட்குமா என்று சாட்டில் கேட்டேன். "எங்கள் கடிதத்திலேயே எல்லாம் அடக்கம்" என்று பதில் வந்தது.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மணி என்ன வேலை செய்கிறான், எங்கே பழகினான் என்று அந்தத் தளம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர், போட்டோ, கிரெடிட் கார்டு, அவ்வளவுதான். (பிறகு என் மகன் தன் பொம்மை யானையின் போட்டோவைப் போட்டுப் பார்த்தான். பணம் கட்டும் பக்கம் வரை யானைக்கும் "வாழ்த்துகள், தகுதி பெற்றுவிட்டது!" என்றே வந்தது.)

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கவுன்டரில் அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். "இது வேண்டாம், போக்குவரத்துத் துறை படிவம் அனுப்பினீர்களா?" என்று கேட்டார். நான் பயணத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "இந்த மாதிரி அட்டை நிறையப் பார்த்துவிட்டோம்" என்றார். என்னைப் போலிகளில் ஒருத்தியாக எண்ணிவிட்டார் என்று புரிந்த அந்த நிமிடமே மூச்சு போக ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். மணி மடியில் ஏறிப் படுத்துத் தன் வேலையைச் செய்தான். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். விமானம் போய்விட்டது.

பால் காய்ச்சியது அண்ணியின் தங்கை. நான் வீடியோ காலில் பார்த்தேன்.

அதன் பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் சர்வீஸ் நாய்க்கு மத்திய அரசுப் பதிவேடு என்று ஒன்று கிடையவே கிடையாது. இணையத்தில் விற்கும் சான்றிதழ்களால் எந்த உரிமையும் வராது, அவற்றை ஆதாரமாக ஏற்பதில்லை என்று நீதித் துறையே தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஏ.டி.ஏ. என்கிற அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி கடைக்காரரோ ஓட்டல்காரரோ இரண்டே கேள்வி கேட்கலாம்: உடல்/மனக் குறைபாட்டுக்காக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்கு இது பழக்கப்பட்டிருக்கிறது. என்ன நோய் என்று கேட்கக் கூடாது, காகிதம் கேட்கக் கூடாது, செய்துகாட்டச் சொல்லவும் கூடாது. நாய் கட்டுக்கடங்காமல் போனாலோ அசுத்தம் செய்தாலோ வெளியே அனுப்பலாம், அது நியாயம்தான்.

விமானத்துக்கு விதி வேறு. 2021 ஜனவரி 11 முதல் எமோஷனல் சப்போர்ட் நாய்களை (தனி வேலைக்குப் பழக்காமல், கூட இருந்தே ஆறுதல் தருபவை) சர்வீஸ் நாயாக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. ஆனால் மனநலத்துக்காகப் பழக்கிய நாயைப் பார்வையற்றோரின் வழிகாட்டி நாயைப் போலத்தான் நடத்த வேண்டும். முன்பு கேட்ட டாக்டர் கடிதம்கூட இப்போது வேண்டாம். நிறுவனம் கேட்கக்கூடியது போக்குவரத்துத் துறையின் படிவம். ரேபிஸ் ஊசி விவரம், பழக்கியவர் யார், பொது இடத்தில் ஒழுங்காக இருக்குமா என்றெல்லாம் அதில் வரும். பழக்கியவர் நாமாகவே இருந்தாலும் சரி. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் விமானப் பயணம் என்றால் மலஜலம் பற்றி இன்னொரு படிவம். 48 மணி நேரத்துக்கு முன் அனுப்பச் சொல்லலாம். செலவு சைபர். பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டால் குற்றம் என்று படிவமே எச்சரிக்கிறது. விமான நிறுவனத்திடமிருந்து எனக்கு அந்தப் படிவம் கேட்டு மின்னஞ்சல் வந்திருந்தது. "அதான் தொகுப்பில் இருக்கே" என்று நான்தான் திறக்காமல் விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போது தெரியாமல் போனது. ஒவ்வொரு விமான நிறுவனமும் மாற்றுத்திறனாளிகள் புகாரைத் தீர்க்கவென்றே ஒரு அதிகாரியை நேரிலோ போனிலோ கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும். அவரைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். படிவம் தாமதமானாலும், விமானம் தாமதமாகாமல் முடிந்தால் ஏற்பாடு செய்துதர வேண்டும் என்பதும் விதி. நான் அட்டையை நீட்டாமல், நாய் என்ன செய்யும் என்று வாயால் சொல்லியிருந்தால் அன்றைக்கு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. விமானத்துக்கு முன் இரண்டு வாரம் அந்த அட்டை "வேலை செய்தது". ஃப்ரீமான்ட்டில் ஒரு நம்ம ஊர் ஓட்டலில் முதலாளி தயங்கினார், அட்டையைக் காட்டினேன், "வாங்க மேடம்" என்று உள்ளே விட்டார். பெருமையாக இருந்தது. அது அட்டை வாங்கித் தந்த இடம் இல்லை, சட்டம் ஏற்கெனவே தந்தது. ஆனால் அவர் அன்று கற்றுக்கொண்டது, நாயோடு வருகிறவர் அட்டை காட்டணும் என்பதை. அடுத்த மாதம் எங்கள் பயிற்சி வகுப்பில் கூட வந்த ஒருவரை அதே ஓட்டலில் "கார்டு இருக்கா?" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அவரிடம் அட்டை இல்லை, ஏனென்றால் அவர் ஏமாறவில்லை. நானே போய் ஓட்டல்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அந்த இரண்டு கேள்வியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊருக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு: அந்தத் தொகுப்பில் "உலகப் பயணச் சான்று" என்றும் ஒரு தாள் இருந்தது. அதை நம்பிச் சென்னைக்கு டிக்கெட் போடாதீர்கள். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்கு ஆறு மாத வயது, மைக்ரோசிப், சி.டி.சி. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) படிவம் வேண்டும். இந்தியா ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இருப்பதால் கூடுதல் காகிதங்களும் உண்டு. சர்வீஸ் நாய்க்கும் விலக்கு இல்லை. இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பணம்? தளத்துக்கு எழுதினேன், "டிஜிட்டல் சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி. எஃப்.டி.சி. என்கிற மத்திய வர்த்தக ஆணையத்தின் மோசடிப் புகார்த் தளத்திலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்தேன். ரசீது எண் வந்தது, வேறொன்றும் இன்னும் வரவில்லை. 247 டாலர் போனது போனதுதான்.

மார்ச்சில் மறுபடி டாலஸ் கிளம்பினோம். படிவத்தை ஐந்து நாள் முன்பே அனுப்பினேன். சிவப்புச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கவுன்டரில், நாய் என்ன வேலை செய்யும் என்று கேட்டார்கள். சொன்னேன். போர்டிங் பாஸ் வந்தது. மூன்றரை மணி நேரமும் மணி என் கால் மேல் தலை வைத்துத் தூங்கினான்.

அந்தத் தளத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் உடனே கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். "வாழ்நாள் பதிவு" என்று சொன்னவர்கள் பதினோராவது மாதம் புதுப்பித்தல் என்று 99 டாலர் எடுத்தார்கள். அதுவும் தளத்தின் பெயரில் இல்லை, சம்பந்தமே இல்லாத வேறொரு பெயரில். அதை மட்டும் வங்கி திருப்பித் தந்தது. கார்டு எண்ணையும் மாற்றிவிட்டேன். போன மாதம் பழைய எண்ணில் மறுபடி முயன்றிருக்கிறார்கள்.