அம்பாசடருக்கு வாங்கிய மின்விசிறி: ஒரு கோடைக்காலப் பயன்பாட்டுக்குப் பின்

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட என் பழைய அம்பாசடர் நெடுஞ்சாலையில் ஒருநாளும் சூடேறியதில்லை. கத்திரி வெயிலில் கிண்டி, அண்ணா சாலை நெரிசலில் நிற்கும்போதுதான் வெப்பமானியின் முள் மேலேறும். தண்ணீர் பம்பின் அச்சிலேயே பொருத்தப்பட்ட விசிறி, பெல்ட் வழியாக எஞ்சினின் வேகத்துக்கேற்பச் சுழல்வதால், காற்று மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் அது சோம்பலாகச் சுற்றுகிறது. ஆகவே 12 அங்குல மின்விசிறி ஒன்றை வாங்கி, எஞ்சினின் சூடான நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினேன்.

விசிறி நன்றாகவே உழைக்கிறது. நீண்ட சிக்னல்களிலும் முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. ஆனால், உடன் தந்த பிளாஸ்டிக் பட்டைகளை ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே நுழைத்துக் கட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதிர்வில் அவை மெல்லிய குழாய்களைத் தேய்த்துவிடும் என்பதால், இரும்புப் பட்டையில் தனிச் சட்டம் செய்துகொண்டேன். விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் ஃபியூஸும் பெட்டியில் இல்லை. இந்த விலைக்கு அது கஞ்சத்தனம்.

பேட்டரிக்கு மின்னேற்றும் பழைய வகை மின்னாக்கியான டைனமோ உள்ள வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் டைனமோ போதிய மின்சாரம் தராததால், விசிறி பேட்டரியைத் தின்றுவிடும். என் வண்டியில் அதற்குப் பதிலாக, மெதுவான ஓட்டத்திலும் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. தவிர, ரேடியேட்டரின் மேல்தொட்டியைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுத் துருவை அகற்றி, ஸ்பிரிங் தளர்ந்த மூடியையும் மாற்றிய பிறகே இதைப் பொருத்தினேன். அடைத்துக்கொண்ட ரேடியேட்டருக்கு எந்த விசிறியும் உதவாது. சூடான எஞ்சினை நிறுத்தியபின் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளும் தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை.