"எர்லி டிசிஷன் போட்டா சீட்டு நிச்சயம்" என்று சொல்லும் கன்சல்டன்சிக்குப் போகும் முன்

சென்னையில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு கன்சல்டன்சியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏழு மாதம் என் மகளின் சிரித்த முகம் இருந்தது. தலைக்கு மேலே ஓர் அமெரிக்கக் கல்லூரியின் சின்னம், கீழே தங்க எழுத்தில் "எர்லி டிசிஷனில் இடம்! வாழ்த்துகள்!" (இடம் கொடுத்தால் சேர்ந்தே தீருவேன் என்று ஒப்புக்கொண்டு முன்கூட்டியே போடும் விண்ணப்பம்தான் எர்லி டிசிஷன்.) அந்தக் கல்லூரியில் அவள் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. படிக்க முடியாமல் போனதற்குக் காரணமும் அந்தப் படத்தைப் போட்டவர்கள்தான்.

பெயரைச் சொல்லவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றார். ஆனால் அவர்கள் பேசிய அதே பேச்சை, பிறகு விசாரிக்கப் போன வேறு இரண்டு அலுவலகங்களிலும் வரி மாறாமல் கேட்டேன். அதனால் ஆளைவிட அந்தப் பேச்சைத் தெரிந்துவைத்துக்கொள்வது உங்களுக்கு உபயோகம்.

மகளுக்குக் கணக்கும் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும், இரண்டில் எதையும் விடமாட்டேன் என்பாள். அவள் பள்ளி சீனியர் ஒருத்தி சொல்லித்தான் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியும். மொத்தமே 2,000 பேர் படிக்கும் சின்னக் கல்லூரிகள். பேராசிரியரே நேரடியாக வகுப்பெடுப்பார், எந்தப் பாடத்தில் பட்டம் என்பதை இரண்டாம் வருஷக் கடைசியில் முடிவு செய்தால் போதும். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், சுவார்த்மோர், பொமோனா எல்லாம் அந்த வகை. நம் உறவுக்காரர்களிடம் சொன்னால் "ஆர்ட்ஸ் காலேஜுக்கா அமெரிக்கா?" என்பார்கள், அது வேறு கதை.

2024 மே மாதம் அந்த அலுவலகத்துக்குப் போனோம். கட்டணம் 3.4 லட்சம், இரண்டு தவணை. ஆலோசகர் ஒரு லேமினேட் செய்த தாளை எங்கள் முன் வைத்தார். "ரெகுலர்ல போட்டா நூத்துக்கு ஏழு பேருக்குத்தான் மேடம் கிடைக்கும். எர்லி டிசிஷன்ல முப்பது பேருக்கு. இது காலேஜே போட்ட கணக்கு, நான் சொல்லல." அந்த முப்பதில் என் மகள் இருப்பதாக அந்த நிமிஷமே நான் நம்பிவிட்டேன். நான் கூட்டுறவு வங்கியில் வேலை செய்பவள். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவள்.

எர்லி டிசிஷன் என்றால் இதுதான்: ஒரே ஒரு கல்லூரிக்கு, பெரும்பாலும் நவம்பர் நடுவுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு வரும். இடம் கொடுத்தால் கட்டாயம் சேர்ந்தாக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவி, பெற்றோர், பள்ளி என்று மூன்று தரப்பும் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பல கல்லூரிகளில் ஜனவரியில் இரண்டாவது சுற்றும் உண்டு. எர்லி ஆக்ஷன் என்பது வேறு, அதில் இந்தக் கட்டாயம் கிடையாது. இதில் பாதியைத்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது பொய்யில்லை. வில்லியம்ஸில் சமீப வருஷங்களில் எர்லி டிசிஷன் கேட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மொத்த விண்ணப்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த நாலில் ஒருவர் யார் என்பதை லேமினேட் தாள் சொல்லாது. இந்தக் கல்லூரிகள் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் தருவதில்லை, ஆனால் விளையாட்டு வீரர்களை விரும்பி எடுக்கின்றன. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்டில் மாணவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குக் கல்லூரி அணியில் ஆடுபவர்கள். கோச் "இந்தப் பையன் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவைத்த பிள்ளைகள் பெரும்பாலும் எர்லி டிசிஷனில்தான் வருகிறார்கள். முன்னாள் மாணவரின் பிள்ளைக்குச் சலுகை தரும் கல்லூரிகளில் அவர்களும் இந்த வரிசையில்தான். ஆம்ஹர்ஸ்ட் அந்தச் சலுகையை 2021இல் எடுத்துவிட்டது, எல்லாரும் எடுக்கவில்லை. இவர்களையெல்லாம் கழித்துவிட்டால் சென்னையிலிருந்து போடும், படகு ஓட்டத் தெரியாத, பண உதவி கேட்கும் ஒரு பெண்ணுக்கு அந்த முப்பதில் எவ்வளவு மிஞ்சும்?

பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் வெளியிடும். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். அதில் சி21 என்ற இடத்தில் எர்லி டிசிஷனில் எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இருக்கும். அவர் லேமினேட் செய்திருந்தது அதைத்தான். எச்6 என்ற இடத்தில் வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்குப் பண உதவி, சராசரி எவ்வளவு என்று இருக்கும். அதை அவர் காட்டவேயில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

ஏனென்றால் அப்போது செலவு வருஷத்துக்கு 88,000 டாலர். அப்போதைய மதிப்பில் 75 லட்சம், நாலு வருஷத்துக்கு 3 கோடி. எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து வருஷம் 22 லட்சம். இதை முதல் நாளே சொன்னோம். "ஸ்காலர்ஷிப் சேர்ந்த பிறகு கேட்டுக்கலாம் மேடம், முதல்ல சீட்டு முக்கியம்" என்றார்.

இங்கேதான் நாங்கள் விழுந்தோம். விண்ணப்பத்தில் "பண உதவி கேட்கப் போகிறீர்களா?" என்று ஒரு கேள்வி உண்டு. ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற மிகச் சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் "நீட் பிளைண்ட்". அதாவது பணம் கேட்பதைக் காரணமாக வைத்து நிராகரிக்க மாட்டார்கள். (இந்த நீட் நம்ம ஊர் நீட் இல்லை, தேவை என்று அர்த்தம். என் மாமியார் கடைசி வரை "அங்கேயுமா நீட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.) மற்ற பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டு மாணவர் பணம் கேட்டால் வாய்ப்பு குறையும். அவர் சொன்னதில் இது மட்டும் முழு உண்மை. அதனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? எங்களைக் கேட்காமல் "இல்லை" என்று டிக் போட்டுவிட்டார். முழுப் பணமும் கட்டுகிற குடும்பம் என்று கல்லூரி நினைத்துக்கொண்டது.

டிசம்பரில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் பாயசம். மறுநாள் காலையிலேயே போஸ்டர். பண உதவிக் கடிதம் மட்டும் வரவில்லை. கேட்டால் "வரும் மேடம், ப்ராசஸ்ல இருக்கு" என்றார். ஐந்தாவது நாள் மகளே கல்லூரிக்கு மெயில் போட்டாள். மரியாதையாகப் பதில் வந்தது: வெளிநாட்டு மாணவர்கள் விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்டிருக்க வேண்டும். அப்போது கேட்காதவர்களுக்குப் படிக்கும் நாலு வருஷமும் உதவி கிடையாது. இந்த விதி பல கல்லூரிகளில் உண்டு, இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். கல்லூரிமீது ஒரு தப்பும் சொல்ல மாட்டேன். வருமானம் பார்க்காமல் திறமைக்குத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா என்றால், வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், பொமோனா மாதிரி இடங்களில் அந்தப் பேச்சே இல்லை. அது வேண்டுமென்றால் டெனிசன், மெக்கலஸ்டர், கிரினல் பக்கம் பார்க்க வேண்டும். அந்தப் பெயர்களை எங்களிடம் யாரும் உச்சரிக்கவே இல்லை.

அலுவலகத்துக்கு ஓடினோம். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, விசா வாங்க முதல் வருஷத்துப் பணத்தைக் கணக்கில் காட்டினால் போதும், காட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள், இரண்டு சதவீதம் எடுத்துக்கொள்வார்கள் என்றார். அதாவது யாரோ ஒருவர் பணத்தை எங்கள் கணக்கில் போட்டு எடுப்பார். வங்கியில் வேலை செய்பவளிடம்! இரண்டாம் வருஷம் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அங்க போயிட்டா வழி பொறக்கும் மேடம்." என் கணவர் எதுவும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) கணக்கின் பாஸ்வேர்டைச் சண்டை போட்டு வாங்கினோம். ஆறு மாதமாக அது அவர்கள் கையில்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், பெற்றோர் மின்னஞ்சல் என்ற இடத்தில் என் கணவர் பெயரில் நாங்கள் பார்த்தேயிராத ஒரு முகவரி. எர்லி டிசிஷன் ஒப்பந்தத்துக்கு அவர் "கையெழுத்து" போட்டிருந்தார், ராத்திரி 11.40க்கு. அந்த ராத்திரி அவர் துணைமின் நிலையத்தில் நைட் டூட்டி. பள்ளி சார்பில் போட்டது வைஸ் பிரின்சிபால் மிஸ். வழக்கமான லிங்க் என்று நினைத்து அழுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் அழுத்தியிருப்பேன்.

எர்லி டிசிஷனிலிருந்து விடுபட முடியுமா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பண உதவி கேட்டு, அது போதாமல் வந்தால் விடுவிப்பார்கள், அது ஒத்துக்கொள்ளப்பட்ட காரணம். நாங்கள் கேட்கவே இல்லையே, எங்களுக்கு அந்த வாசலும் கிடையாது. நடந்ததை மறைக்காமல் எழுதினோம், மூன்று நாளில் விடுவித்துப் பதில் போட்டார்கள். யாரும் வழக்கெல்லாம் போட மாட்டார்கள். ஆனால் அந்தக் கல்லூரி இனி எங்கள் பள்ளியை நம்புமா என்று, அடுத்த வருஷம் அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளை நினைத்து மிஸ் அழுதது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ரெகுலர் விண்ணப்பங்களுக்கு மிச்சமிருந்தது பதினாறு நாள். கன்சல்டன்சி அதற்கு இன்னொரு பேக்கேஜ் என்று 90,000 கேட்டது. மகளே உட்கார்ந்து ஏழு கல்லூரிக்கு எழுதினாள். பண உதவிக்கான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவத்தை நானும் அவளும் சேர்ந்து நிரப்பினோம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்து 16. அதை நிரப்பும்போதுதான் ஒன்று புரிந்தது. "ஃபாஃப்சா உதவி" என்று ரசீதில் 15,000 போட்டிருந்தார்களே, அமெரிக்க அரசின் உதவிக்கான அந்தப் படிவம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு மாதிரித் தகுதி உள்ளவர்களுக்கும்தான். எங்களுக்கு அது எதற்கு?

மார்ச் கடைசியில் ஒரு கல்லூரி பாதி உதவியோடு இடம் கொடுத்தது. வருஷத்துக்கு 18 லட்சம் துண்டு விழுந்தது. விட்டுவிட்டோம். இப்போது சென்னையிலேயே பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவைக் காட்டினார்கள்: "சேர்க்கைக் கடிதம் வந்ததும் சேவை நிறைவடைந்ததாகக் கருதப்படும்." அவர்கள் போஸ்டரில் இருக்கும் "92 சதவீத வெற்றி"யில் என் மகளும் ஒரு வெற்றி. இந்த மாதிரி அலுவலகத்துக்குப் போனால் எத்தனை பேருக்குக் கடிதம் வந்தது என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் விமானம் ஏறினார்கள், அவர்களில் உதவியோடு போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெற்றோர் மின்னஞ்சல் உங்கள் போனில் திறக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். பண உதவிக் கேள்விக்கு உங்கள் கையால் டிக் போடுங்கள்.

புகார் எப்படிக் கொடுத்தேன் என்று கேட்பவர்களுக்கு: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், அதில் ஒன்றும் நகரவில்லை. பிறகு வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் போன நாலாவது நாள் போஸ்டர் காணாமல் போனது, பணம் வரவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். அந்தப் போலி மின்னஞ்சல் முகவரியின் ஸ்கிரீன்ஷாட்டும், கணவரின் டூட்டி ரெஜிஸ்டர் நகலும்தான் எங்கள் பக்கத்துப் பெரிய சாட்சி. அடுத்த வாய்தாவில் அவர்கள் தரப்பு பதில் தாக்கல் செய்ய வேண்டும். போன இரண்டு முறை அவகாசம் கேட்டார்கள். இந்த முறை என்ன ஆனது என்று கீழேயே எழுதுகிறேன்.