குருத்தெலும்புக் கட்டிக்கு சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

‘எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். கட்டணம் கூடுதல் என்பதாலேயே அதற்கு ஒரு மதிப்பும் சேர்ந்துவிடுகிறது. தலையிலும் கழுத்திலும் அரிதாக வரும் காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றுக்கட்டியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பாதிதான் சரி. கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்காமல் இரண்டில் எது மேல் என்று சொல்ல முடியாது.

குரல்வளை என்றால் என் ஓட்டு சி.டி.க்கு. அங்கே இந்தக் கட்டி பெரும்பாலும் குரல்வளையின் அடியில் மோதிரம் போலிருக்கும் கிரிகாய்டு குருத்தெலும்பின் பின்பக்கத் தட்டில் கிளம்புகிறது. மேலே சளிச்சவ்வு கெடாமல் வழுவழுப்பாகவே இருப்பதால், உள்நோக்கியில் பார்க்கும் மருத்துவருக்கு அது வெறும் புடைப்பாகத்தான் தெரியும். சி.டி.யிலோ கட்டிக்குள் வளையமும் வில்லுமாகச் சுண்ணாம்புப் படிவுகள் தெரியும். சோளப்பொரி போல என்று கதிரியக்க மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். குருத்தெலும்புக் கட்டி என்று அடையாளம் காட்டும் இந்தப் படிவு, எம்.ஆர்.ஐ.யில் வெறும் கறுப்புப் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். நடைமுறைச் சிக்கலும் உண்டு. மூச்சுத்திணறலோடு வருபவரால் அரைமணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க முடியுமா? எச்சில் விழுங்கினாலே படம் கலங்கிவிடும். சி.டி. சில விநாடிகளில் முடிந்துவிடும். கதிர்வீச்சு உண்டுதான், ஆனால் இந்த நோய் பெரும்பாலும் நடுவயது தாண்டியவர்களுக்கு வருவதால், அந்தக் கவலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மண்டையோட்டின் அடித்தளத்தில் கதை வேறு. மூளைத்தண்டு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, கண்ணசைவு நரம்புகள் எல்லாம் நெருக்கியடிக்கும் இடம் அது. இரட்டைப் பார்வையோடு வருபவருக்குக் கட்டி எதைத் தொடுகிறது, எதைத் தள்ளுகிறது என்று காட்டுவது எம்.ஆர்.ஐ.தான். குருத்தெலும்பில் நீர்ச்சத்து மிகுதி. ஆகவே நீரை வெளிச்சமாகக் காட்டும் டி2 வகை எம்.ஆர்.ஐ. படங்களில் கட்டி பளிச்சென்று ஒளிரும். சிக்கல் என்னவென்றால், கோர்டோமா என்ற வேறொரு கட்டியும் அதேபோல ஒளிரும். கோர்டோமா பெரும்பாலும் நடுக்கோட்டில், மண்டையோட்டு அடித்தளத்தின் மையத்திலுள்ள கிளைவஸ் எலும்பில் இருக்கும். காண்ட்ரோசார்கோமா சற்றுப் பக்கவாட்டில், கிளைவஸும் காதுப்பக்க எலும்பும் சேரும் பெட்ரோகிளைவல் இணைப்பருகே இருக்கும். விதிவிலக்குகள் உண்டு. திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. படங்கள் இங்கே கைகொடுக்கும்: அந்த நகர்வைக் குறிக்கும் ஏ.டி.சி. அளவு காண்ட்ரோசார்கோமாவில் பொதுவாகக் கோர்டோமாவைவிடக் கூடுதல். இருந்தாலும் அறுவை மருத்துவருக்கு எலும்பு எங்கெங்கே அரிக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு வேண்டும். அதற்கு மெல்லிய வெட்டு சி.டி.யையும் சேர்த்தே கேட்பார். இந்த இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துச் சிக்கனம் பார்ப்பது வீண்.

திசுக்கள் உறிஞ்சும் சர்க்கரையைப் படமாக்கும் பெட் ஸ்கேனுக்கு இந்தப் போட்டியில் இடம் குறைவு. வீரியம் குறைந்த கட்டி சர்க்கரையை அதிகம் உறிஞ்சாததால், படத்தில் கட்டி மங்கலாக இருப்பதை வைத்து ஆறுதல் அடைய முடியாது.

புற்றல்லாத, சாதுவான குருத்தெலும்புக் கட்டியான காண்ட்ரோமாவையும் வீரியம் குறைந்த காண்ட்ரோசார்கோமாவையும் பிரித்துச் சொல்ல இந்தக் கருவிகள் எதையும் நம்ப முடியாது. அதைத் திசுப் பரிசோதனையிடம்தான் விட வேண்டும். அதிலும், குரல்வளைக் கட்டி கல்லாக இறுகியிருந்தால் மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த துணுக்கு போதாமல் போகலாம். கோர்டோமாவா என்ற சந்தேகத்தைத் தீர்க்கவும் ப்ராக்யூரி என்ற புரதத்துக்கான சோதனை இருக்கிறது: கோர்டோமாவில் அது தெரியும், காண்ட்ரோசார்கோமாவில் தெரியாது.