கழுத்துல பட்டனா, கையில வாட்ச்சா?

எங்கம்மாவுக்கு வாங்கின எஸ்ஓஎஸ் பட்டன், அதான் விழுந்தா அமுக்கி உதவிக்கு ஆளைக் கூப்பிடற பட்டன், மூணு மாசமா பாத்ரூம் கதவு ஆணியிலதான் தொங்குது. குளிக்கும்போது கழட்டி மாட்டினாங்க, திரும்ப எடுத்துப் போடவே இல்ல. கேட்டா "நனைஞ்சா கெட்டுப் போயிடும்ல"ங்கறாங்க. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கு, ஆனா அதை யாரு படிக்கறா. வழுக்கி விழறதே அங்கதான்! இந்தக் கடுப்புலதான் எல்லா வகையையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாக்க உக்காந்தேன்.

முதல்ல பழைய மாடல், எங்கம்மாகிட்ட இருக்கறதும் இதுதான், வீட்டுக்குள்ள ஒரு பேஸ் யூனிட், கழுத்துல பட்டன். பட்டன அமுக்குனா ரேடியோ சிக்னல் பேஸுக்குப் போகும், அது லேண்ட்லைன்லயோ சிம் வழியாவோ ஆளைக் கூப்பிடும். இதுல எனக்குப் புடிச்சதே சார்ஜ் போடற வேலை இல்லாததுதான், பட்டன்ல இருக்கற பேட்டரி வருஷக்கணக்குல வரும். ஆனா கேட்டைத் தாண்டி கொஞ்ச தூரம் போயிட்டா அது வெறும் டாலர்தான். இன்னொண்ணு, நிறைய மாடல்ல ஸ்பீக்கரும் மைக்கும் பேஸ்லதான் இருக்கும், பட்டன்ல இருக்காது. விழுந்தவங்க ஒரு ரூம்ல, "என்னாச்சும்மா"ன்னு கேக்கற குரல் இன்னொரு ரூம்ல.

வெளிய நடமாடறவங்களுக்கு சிம்மும் ஜிபிஎஸ்ஸும் உள்ளயே இருக்கற பெண்டன்ட் (கழுத்துல தொங்கற கருவி) பரவால்ல, பேச்சும் அதுலயே. ஆனா அடிக்கடி சார்ஜ் போடணும், கட்டடத்துக்குள்ள இருந்தா ஜிபிஎஸ் பக்கத்துத் தெருவக் கூட காட்டும். வாங்கும்போது எந்த நெட்வொர்க்னு கண்டிப்பா கேளுங்க, அமெரிக்காவுல 2022ல 3ஜிய மூடினப்போ அதை நம்பி ஓடின பழைய கருவிய எல்லாம் மாத்த வேண்டி வந்துது.

ஸ்மார்ட் வாட்ச்தான் இப்ப எல்லாரும் சொல்றது. ஆப்பிள் வாட்ச்ல 2018ல வந்த சீரிஸ் 4லேர்ந்து விழுந்தா கண்டுபுடிக்கற வசதி இருக்கு, பலமா விழுந்தா கையில தட்டி சத்தம் குடுக்கும், ஒரு நிமிஷம் போல அசைவே இல்லன்னா கவுன்ட்டவுன் ஓடி அதுவே எமர்ஜென்சிக்குப் போன் போடும். 55 வயசு தாண்டினவங்களுக்கு தானா ஆன் ஆகும், ஆனா வயசு சரியா போட்டிருக்கணும். செல்லுலார் இல்லாத மாடல்னா பொதுவா போன் பக்கத்துல இருக்கணும், அதையும் பாத்துக்கோங்க.

கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ராத்திரி என்ன பண்ணுவாங்க? கழட்டி சார்ஜ்ல போட்டுட்டுப் படுப்பாங்க. ரெண்டு மணிக்கு இருட்டுல எழுந்து பாத்ரூம் போறப்போ கை வெறுங்கை. வாட்ச்தான்னு முடிவு பண்ணினா, சாயங்காலம் டிவி பாக்கற நேரத்துல சார்ஜ் போட்டுட்டு படுக்கப் போறப்போ மறுபடி கட்டிக்கறத பழக்கிவிடுங்க.

தானா கண்டுபுடிக்கும்னு முழுசா நம்பவும் வேணாம், எந்தக் கருவியா இருந்தாலும் சரி. நாற்காலிலேர்ந்து மெதுவா சரிஞ்சு உக்காந்தா பல சமயம் சென்சாருக்குத் தெரியாது, சோபாவுல தொப்புன்னு உக்காந்தா சில சமயம் அலறும்.

2008ல பிஎம்ஜேங்கற பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வு, கேம்பிரிட்ஜ்ல 90 வயசு தாண்டினவங்கள ஒரு வருஷம் தொடர்ந்து பாத்தது, விழுந்ததுல 82 சதவீதம் தனியா இருக்கும்போது. விழுந்தவங்கள்ல 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதுக்கு மேலயோ தரையிலயே கிடந்திருக்காங்க. அலாரம் பட்டன் நிறைய பேர்கிட்ட இருந்தும், ரொம்ப நேரம் கிடந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அதைப் பயன்படுத்தவே இல்ல. அவ்ளோ நேரம் அசையாம கிடந்தா அழுத்தத்துல தசை சிதைஞ்சு கிட்னி வரைக்கும் பாதிக்கலாம், அதனால அடியே படலன்னாலும் லேசா எடுத்துக்க முடியாது.

பக்கவாதம் வந்தவங்களுக்கு கணக்கே வேற. மணிக்கட்டு பட்டன அமுக்க இன்னொரு கை வேணும், கழுத்துல இருந்தா எந்தக் கை வேலை செய்யுதோ அதாலயே அமுக்கலாம். மறதி நோய் முத்திட்டா பட்டன் இருக்கறதே ஞாபகம் வராது, அங்க கதவு சென்சாரும் நடமாட்டம் பாக்கற சென்சாரும்தான் கொஞ்சமாவது உதவும்.

அழைப்பு யாருக்குப் போகுதுன்னும் பாருங்க. மாசக் கட்டணம் வாங்கற கண்காணிப்பு மையம்னா ராத்திரியும் ஆள் எடுப்பாங்க, பிள்ளைங்க போனுக்குன்னா அது சைலன்ட்ல இருந்தா கதை முடிஞ்சுது. நான் சைலன்ட்ல போடற ஆளுதான், அதனால மாசக் கட்டணத்துக்கே சரின்னுட்டேன்.

போன வாரம் நானே பட்டனோட பாத்ரூம் தரையில படுத்து அமுக்கிப் பாத்தேன், அம்மா சிரிச்சாங்க. கதவு திறந்திருந்தப்போ ஹால்லேர்ந்து ஏதோ குரல் மாதிரி கேட்டுது, சாத்தினா ஒண்ணுமே இல்ல. பேஸை பாத்ரூம் பக்கத்துல மாத்தி வெச்சாச்சு, கழுத்துக் கயிற தூக்கிப் போட்டுட்டு அதே பட்டன கையில கட்டற பட்டைல மாட்டிக் குடுத்துட்டேன். வளையல் மாதிரி இருக்குன்னு கட்டிக்கிட்டாங்க. ஆணிய புடுங்கிட்டேன்.