குளிரைத் தாங்கும் செவ்வரத்தை என்று சொல்லி விற்கப்பட்ட ஆறு கன்றுகள்

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் வீட்டு வளவில் செவ்வரத்தை வைக்க விரும்புகிறவர்கள், முக்கியமாக வயதான பெற்றோரின் ஆசைக்காக அதைத் தேடுகிறவர்கள், கன்று வாங்குமுன் இதை ஒருமுறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 2023 மே மாதக் கடைசி வாரத்தில் நாங்கள் ஆறு கன்றுகளை நடுகூலியும் வரியும் சேர்த்து 485 டொலர் 90 சதத்துக்கு வாங்கினோம். அடுத்த வருடம் ஜூன் நடுப்பகுதியில் ஆறும் காய்ந்த தடிகளாகக் குப்பைக்குப் போயின. ஒரு சதம்கூடத் திரும்பி வரவில்லை.

ஊரில் எங்கள் வீட்டு வேலி ஓரம் முழுவதும் செவ்வரத்தை நின்றது. அம்மா காலையில் குளித்துவிட்டு வந்து சாமிக்கு முதலில் எடுத்து வைப்பது அந்தப் பூவைத்தான். ஸ்காபரோவுக்கு வந்த பிறகு கடையில் வாங்கும் கார்னேஷன் பூக்களைப் படத்துக்கு வைத்தாலும் அவருடைய மனம் நிறையவில்லை. ஆகவே, வசந்த காலத்தில் மட்டும் வாகனத் தரிப்பிடம் ஒன்றில் கூடாரம் போட்டுப் பூங்கன்றுகள் விற்கும் ஒரு கடையில், சிவந்த பூக்கள் நிறைந்த கன்றுகளைக் கண்டதும் அவர் அங்கேயே நின்றுவிட்டார். கடைக்காரர் தமிழர். "அம்மா, இது எங்கட ஊர்ச் செவ்வரத்தைதான். ஆனா இது குளிர் தாங்கிற இனம். நிலத்திலேயே வைக்கலாம், பனிக்குள்ள நின்று திரும்பவும் துளிர்க்கும்" என்று அவர் சொன்னார். கன்றில் தொங்கிய அட்டையில் "5ஆம் வலயம்" என்று, அதாவது இந்தப் பக்கத்துக் குளிர்காலத்தைத் தாங்கும் என்ற பொருளில், கையால் எழுதி ஒட்டியிருந்தது. அடுத்த வருடம் மே 31 வரை உத்தரவாதம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தந்தார். தமிழில் பேசி, எழுத்திலும் உத்தரவாதம் தந்த ஒருவரிடம் மேற்கொண்டு கேள்வி கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. நாங்கள் செவ்வரத்தை என்று ஒரே பெயரில் அழைக்கும் செடிகளில், இந்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் மூன்று இனங்கள் கிடைக்கின்றன. ஊரில் நின்றது ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ்; அது வெப்பநாட்டுச் செடி, உறைபனியைத் தாங்காது. இரண்டாவது ஹைபிஸ்கஸ் சிரியாக்கஸ். சீனப் பகுதிக்குரிய இந்தப் புதர்ச்செடிக்கு 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சிரியா நாட்டின் பெயரை வைத்துவிட்டார். இது ஆளுயரத்தைத் தாண்டி வளரும், குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தண்டோடு நிற்கும், 5ஆம் வலயக் குளிரைத் தாங்கும். மூன்றாவது ஹைபிஸ்கஸ் மொஸ்கியூட்டஸ். இது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்களுக்கு உரியது, ஒன்ராறியோவிலேயே ஈரி ஏரிக் கரையில் தானாகவே வளர்கிறது, சாப்பாட்டுத் தட்டளவு பூக்கும். பனிக்காலத்தில் இதன் தண்டு நிலமட்டம்வரை செத்து, வேரிலிருந்து திரும்ப முளைக்கும். பின்னைய இரண்டும் குளிர் தாங்குபவை. எங்களுக்கு விற்கப்பட்டது முதலாவது.

அந்தக் கோடையில் சந்தேகம் எதுவும் வரவில்லை. செடிகள் நன்றாகப் பூத்தன, அம்மா நாள்தோறும் பூப்பறித்தார். ஒக்டோபரில் இரவுக் குளிர் கூடியபோது இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. முதல் உறைபனி விழுந்த மறுநாள் மிச்சமிருந்த இலைகள் கறுத்துத் தொங்கின. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். இந்த இனம் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும், அது இயல்பு என்றார். 2024 மே 10ஆம் திகதி, அயலிலுள்ள மரங்கள் எல்லாம் துளிர்த்தும் இவை அசையவில்லை என்று மீண்டும் அழைத்தேன். இது மற்றச் செடிகளுக்குப் பிந்தித்தான் துளிர்க்கும், அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், ஜூன் நடுப்பகுதிவரை பொறுங்கள் என்றார். நாங்கள் பொறுத்தோம்.

அவர் சொன்ன இரண்டும் சிரியாக்கஸ் செடியைப் பொறுத்தவரை முழு உண்மை. அது இலையுதிர்க்கும், எங்கள் பக்கத்தில் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் துளிர்விடும். வேறொரு செடிக்குரிய உண்மையை எங்கள் செடிக்குச் சொல்லி, மே 31ஐக் கடக்க வைத்துவிட்டார். ஜூன் 15 அன்று ஒரு செடியை வேரோடு கொண்டுபோனபோது, உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று பற்றுச்சீட்டைக் காட்டினார். தொலைபேசியில் அவரே பொறுக்கச் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் ஆதாரம் இல்லை. போதாக்குறைக்கு, கடந்த குளிர்காலம் கடுமையானது, அதனால்தான் செத்தது என்றும் சொன்னார். 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானது. அந்தக் குளிரையே தாங்காத செடி இந்த ஊரில் எந்தக் குளிர்காலத்தையும் தாண்டியிருக்காது.

வீட்டுக்கு வந்து, வாகனக் கொட்டிலில் எறிந்து வைத்திருந்த சாடிகளைத் தேடி எடுத்தேன். ஒன்றில் அந்த அட்டை இன்னும் தொங்கியது. கையால் எழுதி ஒட்டிய தாளை உரித்தபோது, உற்பத்தியாளர் அச்சிட்ட எழுத்து அடியில் அப்படியே இருந்தது: ரோசா-சினென்சிஸ், 10 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்க வேண்டாம். அதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அறியாமல் விற்றிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே மறைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு நடைமுறையில் இருந்த ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் தந்து விற்றிருந்தால், வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அறிவித்து அந்தக் கொள்வனவையே இரத்துச் செய்ய முடியும். நான் அட்டையை உரித்தது ஒரு வருடமும் மூன்று வாரங்களும் கழித்து. பொறுத்திருந்த நாட்கள் உத்தரவாதத்தோடு இந்த உரிமையையும் கொண்டுபோய்விட்டன.

எங்கள் வீதியில் நான்கு வீடு தள்ளிக் கொரிய மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய வேலி முழுவதும் சிரியாக்கஸ். அது தென்கொரியாவின் தேசிய மலர், முகுங்ஹ்வா என்பார்கள். அவர் இலையைப் பறித்து என் கையில் வைத்துக் காட்டியபோதுதான் வித்தியாசம் எவ்வளவு எளிது என்று விளங்கியது. சிரியாக்கஸ் இலை சிறியது, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், மினுக்கம் இல்லாதது. மொஸ்கியூட்டஸ் இலை உள்ளங்கையை விடப் பெரியது, அதுவும் மங்கலானது, அடிப்புறம் வெண்மையாக இருக்கும். எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சையாக மின்னும் இலை என்றால் அது ஊர்ச் செவ்வரத்தை. பூவின் நிறமும் காட்டிக்கொடுக்கும்: மஞ்சள், செம்மஞ்சள் பூக்களோடு குளிர் தாங்கும் செடி என்று எவராவது விற்றால் நம்ப வேண்டாம். அதைவிட, உண்மையான குளிர் தாங்கும் செவ்வரத்தை இந்தப் பக்கத்தில் ஜூலைக்கு முன் பூப்பது அரிது. மே மாதத்தில் பூவோடு நிற்பது கண்ணாடி வீட்டிலிருந்து வந்தது என்பதை நாங்கள் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

பற்றுச்சீட்டில் செடியின் முழுத் தாவரவியல் பெயரை எழுதச் சொல்லுங்கள். எங்களுடையதில் வெறுமனே "ஹைபிஸ்கஸ் - 6" என்றுதான் இருந்தது. உத்தரவாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை ஈரம் இருந்தால் சிரியாக்கஸ் உயிரோடு இருக்கிறது. அடிமரம்வரை எங்கே சுரண்டினாலும் பழுப்பாக உலர்ந்திருந்தால் போய்விட்டது. மொஸ்கியூட்டசுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதன் பழைய தண்டு எப்படியும் வைக்கோல்போல்தான் இருக்கும்; அடியில் மண்ணை மெதுவாக விலக்கி முளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் என்றால் அன்றைக்கே படத்துடன் மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசியதோடு விட்டுவிட வேண்டாம்.

ஊர்ச் செவ்வரத்தையில் ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே ஒரு கன்றை வாங்கிச் சாடியில் வளர்த்து, செப்டெம்பர் கடைசியில் வெயில் படும் யன்னலடிக்கு எடுத்திருப்போம், அது இன்றைக்கும் நின்றிருக்கும். அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை. கடைசிச் செடியைத் தோண்டும்போது அவரும் தண்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதை உள்ளுக்கு எடுத்திருந்தா பிழைச்சிருக்கும்" என்றார்.

சிரியாக்கஸ் விதை விழுந்து தாராளமாக முளைக்கும். கொரிய மூதாட்டி தம் வேலியடியில் முளைத்த மூன்று நாற்றுகளை மண்ணோடு தோண்டித் தந்தார். அவற்றை அந்த ஆறு குழிகளில் மூன்றில் நட்டோம். அடுத்த வருடம் ஜூன் 4ஆம் திகதி மூன்றும் துளிர்த்தன.