ராபின் ஹாப்: ஃபிட்ஸா, கப்பலா, எதில் தொடங்குவது?

ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் ராபின் ஹாப்பின் 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' (1995), 'ஷிப் ஆஃப் மேஜிக்' (1998) இரண்டுமே, மும்மூன்று நாவல்கள் கொண்ட இரு தொடர்களின் முதல் பாகங்கள். ஒரே உலகம், வேறு வேறு கரை.

கதை சொல்பவர்: முதலாவதில் நாயகன் ஃபிட்ஸ் மட்டும், 'நான்' என்று. இரண்டாவதில் ஒரு குடும்பம், ஒரு கடற்கொள்ளையன், ஒரு கப்பல்கூட.

கனம்: இரண்டாவது கிட்டத்தட்ட இருமடங்கு. பேருந்தில் கையில் பிடித்துப் படிக்க முடியாது.

வேகம்: இரண்டுமே மெதுவானவை. வாசகர்கள் சண்டை போடுவதே இங்கேதான். ஆறு வயதில் தாத்தாவால் கோட்டை வாசலில் விடப்பட்ட ஃபிட்ஸ், முதல் இரவில் நாயோடு சுருண்டு தூங்குகிறான். அந்த இடத்தில் மனம் கரையாதவர்களுக்கு மீதிப் புத்தகம் 'எப்போது பார்த்தாலும் சோகம்'தான். கரைந்தவர்கள் மூன்று பாகத்தையும் முடிக்காமல் கீழே வைப்பதில்லை. நான் இரண்டாவது ரகம்.

எரிச்சல்: ஃபிட்ஸின் அசட்டுப் பிடிவாதம் ஒருபக்கம். கப்பல் கதையின் குடும்பத்துப் பெண் மால்ட்டாவின் செல்லம் கொடுத்துக் கெட்ட வாய் இன்னொருபக்கம். மால்ட்டாவுக்காகப் புத்தகத்தை மூடியவர்களிடம் ஒன்று சொல்வேன்: அடுத்த பாகங்களில் அவள் மாறுவதுதான் தொடரின் சிறந்த பகுதி.

மாயம்: ஃபிட்ஸிடம் மிருகங்களோடு மனம் கலக்கும் ஆற்றல். இரண்டாவதில், ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை தன் மேல்தளத்தில் இறந்தபின் கண் விழித்துப் பேசும் கப்பல் விவேசியா. இதில் கப்பலுக்கே என் ஓட்டு.

ஒற்றை மனசுக்குள் நெடுநாள் வாழப் பிடிக்குமென்றால் ஃபிட்ஸ். 'நான்' கதைகள் அலுத்துவிட்டன, சொத்துத் தகராறும் கடலும் வேண்டும் என்றால் கப்பல். அப்படித் தொடங்கினாலும் கதை புரியும். ஃபிட்ஸ் கதையில் வந்த பழைய முகம் ஒன்றை அடையாளம் காணும் சிலிர்ப்பு மட்டும் போய்விடும்.