கண்ணாடியாய் உறையும் படிகங்கள்: மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒழுங்கின்றி உறைந்த திரவமே கண்ணாடி என்று தொடக்கக்கல்லூரி வரை படித்திருப்போம். ஆனால் சில படிகங்களில் மூலக்கூறுகளின் மையங்கள் அணிக்கோவையில் வரிசையாக அமர்ந்திருக்க, அவை நோக்கும் திசை மட்டும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். குளிரக் குளிர அந்தச் சுழற்சி மந்தமாகி, திசைகள் ஒழுங்குபடுமுன்பே ஒரு வெப்பநிலையில் நின்றுவிடும். ஒசாகா பல்கலைக்கழகத்தின் சுகா, செகி ஆகியோர் 1960களில் வெப்ப ஏற்புத்திறனை நுட்பமாக அளந்து, இந்நிலைக்குக் கண்ணாடிப் படிகம் என்று பெயரிட்டனர். இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளும் சிங்கப்பூர் மாணவர், சைக்ளோஹெக்சனால், அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் இணைந்த மூலக்கூறான ஃபுல்லரீன் சி60, எத்தனால் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

சைக்ளோஹெக்சனால் ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸில் உருகுவதால், நம் ஊர் நண்பகலில் திரவமாகவும் நன்கு குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் மெழுகு போன்ற திண்மமாகவும் இருக்கும். அந்தத் திண்மமே திசையொழுங்கற்ற படிகம். விரைந்து குளிர்வித்தால் 150 கெல்வின் அளவில் கண்ணாடியாகிறது. கையாள எளிது என்றாலும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சிறிதளவு நீர் கலந்தாலே உறைநிலை இறங்கிவிடும் என்பதால், இங்குள்ள காற்றில் புட்டியைத் திறந்துவைக்கவே கூடாது.

சி60 கணக்கிடுவதற்கு ஏற்றது. 260 கெல்வினுக்குக் கீழே பந்துகளின் தடையற்ற சுழற்சி நின்று, ஒவ்வொன்றும் இரண்டு திசையமைவுகளுக்கிடையே மட்டும் தாவுகிறது. 90 கெல்வின் அருகில் அந்தத் தாவலும் உறையும்போது, ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குப் பந்துகள் ஆற்றல் குறைந்த அமைவில் இருக்கும். இவ்வளவு தெளிவான படம் மற்ற இரண்டிலும் கிடைக்காது. ஆயினும் இரண்டே நிலைகள் கொண்ட இந்த எளிமை, திரவம் ஏன் கண்ணாடியாகிறது என்ற பெரிய கேள்விக்கு அதிகம் உதவுவதில்லை.

அக்கேள்விக்கு எத்தனாலே உரியது என்பது என் உறுதியான கருத்து. திரவத்தை வேகமாகக் குளிர்வித்தால் 97 கெல்வின் அருகில் வழக்கமான கண்ணாடி கிடைக்கிறது. அதைச் சற்றே மேலே சூடாக்கினால் மூலக்கூறுகள் கனசதுர அணிக்கோவையில் அமர்ந்து, திசை மட்டும் ஒழுங்கற்ற படிகமாகின்றன. மீண்டும் குளிர்வித்தால் அந்தப் படிகமும் அதே 97 கெல்வின் அருகிலேயே உறைகிறது. ஒரே மூலக்கூறு, இருவேறு அமைப்பு, ஏறத்தாழ ஒரே உறைவு வெப்பநிலை! எத்தனாலைப் பொறுத்தவரை, திரவம் கண்ணாடியாவதிலும் மூலக்கூறுகளின் சுழற்சிக்கே பெரும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் அறியேன்.

திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் இதற்குப் போதும். ஆனால் சூடாக்கும்போது சில கெல்வின் தவறினாலும் முழு ஒழுங்குடைய படிகம் உருவாகிவிடும். பிறகு அதை 159 கெல்வினில் உருக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெப்பநிலையை அசையாமல் நிறுத்தும் கருவி இல்லாதவர் சைக்ளோஹெக்சனாலை எடுத்துக்கொள்வதே நல்லது.